ஈஸ்ட் செல்லிடம் கேட்கப்பட்ட கேள்வி

ரொட்டி மாவை உப்ப வைப்பதும் கள்ளை நுரைக்க வைப்பதும் ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சை என்பது பலரும் அறிந்ததே. அதே ஈஸ்ட்டைக் கொண்டு பார்க்கின்சன், அல்சைமர் போன்ற மூளை நோய்களை விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள் என்று படிக்கும் வாசகருக்கு நியாயமான ஓர் ஐயம் எழும். ஈஸ்ட்டுக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, நடுங்கக் கை இல்லை, இழப்பதற்கு நினைவும் இல்லை; ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ள இந்த உயிரி, மனித மூளை சிதைவதைப் பற்றி எதைச் சொல்லிவிட முடியும்?

இந்த ஐயத்தைப் பொதுவாகப் பேசித் தீர்க்க முடியாது. ஒரு நோயையும் அந்நோயில் பிறழும் ஒரு புரதத்தையும் எடுத்துக்கொண்டு, ஈஸ்ட் வளர்ந்த தட்டிலிருந்து மருத்துவமனை வரை ஆய்வு சென்ற வழியைப் பின்தொடர்ந்தால், ஈஸ்ட் எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பவை இரண்டும் தெளிவாகும். அந்த நோய் ஏ.எல்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இயக்க நரம்புச் சிதைவு நோய். இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கால் உலகறிந்தது. 21 வயதில் நோய் கண்டறியப்பட்ட அவர் 2018 வரை வாழ்ந்தது அரிதிலும் அரிது. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடிய, கை கால்களும் பேச்சும் விழுங்கும் ஆற்றலும் இறுதியில் மூச்சும் தளர்ந்து, நோயாளிகளில் பெரும்பாலோர் அறிகுறி தோன்றிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர்.

நோயின் தொடக்கத்தை யாரும் பார்ப்பதில்லை

புற்றுநோய்க் கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து ஆய்வு செய்வதுபோல, உயிரோடிருப்பவரின் முதுகுத் தண்டிலிருந்து இயக்க நரம்புச் செல்களை எடுக்க இயலாது. ஆகவே ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இறந்தவர்கள் தானமாக அளித்த திசுவே. அதில் தெரிவது நோயின் கடைசிக் கட்டம். செல்லுக்குள் புரதங்கள் திரண்டு கிடப்பதைக் காணலாம், ஆனால் அந்தத் திரள் செல்லைக் கொன்றதா, அல்லது வேறொரு காரணத்தால் செத்துக்கொண்டிருந்த செல்லில் பின்னர் சேர்ந்ததா என்பதை அந்தத் திசுவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எலிகளில் நோயின் சாயலை உருவாக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு நோயைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று அறிய எலிகளில் பல மாதங்களோ ஆண்டுகளோ பிடிக்கும். எந்த மரபணுவை ஆராய்வது என்று முன்கூட்டியே ஓர் ஊகம் இருந்தால் அந்தச் செலவு தகும். எந்த ஊகமும் இல்லாதபோது, ஆயிரக்கணக்கான மரபணுக்களையும் ஒவ்வொன்றாக எலியில் சோதிக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. ஈஸ்ட்டின் தேவை எழுந்தது இங்கேதான்.

100 கோடி ஆண்டுப் பழைய உறவு

மனிதருக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவான முன்னோர் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரி. இரு கிளைகளும் பிரிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும், செல் உயிர்வாழ அன்றாடம் செய்யவேண்டிய வேலைகள் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே: டி.என்.ஏ.வைப் படியெடுப்பது, புரதங்களை உருவாக்கி உரிய வடிவில் மடிப்பது, அவற்றைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பது, பழுதானவற்றை அழிப்பது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, அந்த இடத்தில் அதற்கிணையான மனித மரபணுவை வைத்துப் பார்த்தனர். ஏறத்தாழ பாதி இடங்களில் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. செல்லுக்குள் பொருள்கள் கொண்டுசெல்லப்படும் முறையை ரேண்டி ஷெக்மனும், செல் தன் கழிவைத் தானே விழுங்கிச் செரிக்கும் முறையை யோஷினோரி ஓசுமியும் ஈஸ்ட்டில்தான் பிரித்தறிந்தனர். 2013, 2016ஆம் ஆண்டுகளின் நோபல் பரிசுகள் இப்பணிகளுக்கு வழங்கப்பட்டன.

ஒரு மனித உயிரியல் கேள்விக்கு விடை தேட அதைவிட எளிய வேறோர் உயிரியைப் பயன்படுத்தும்போது அந்த உயிரி ‘மாதிரி உயிரி’ எனப்படுகிறது. நல்ல மாதிரி உயிரிக்குத் தேவையான வசதிகள் ஈஸ்ட்டில் நிரம்ப உண்டு. நல்ல உணவு கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். ஏறத்தாழ 6000 மரபணுக்களே கொண்ட அதன் முழு மரபணுத் தொகுதி 1996லேயே படித்து முடிக்கப்பட்டது. எந்த மரபணுவையும் விரும்பியபடி நீக்கவும் மிகுதிப்படுத்தவும் முடியும்.

நரம்புச் சிதைவு நோய்களில் காணப்படும் கோளாறுகள் பல இந்தப் பழைய அன்றாட வேலைகள் பிறழ்வதால் வருபவை என்பதை முதலில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சூசன் லிண்ட்குவிஸ்ட். அவரும் டியாகோ அவுட்டெய்ரோவும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளீன் என்ற மனிதப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டில் செலுத்தினர். மரபணுவின் ஒரு பிரதி இருந்தபோது புரதம் செல்லின் வெளிச் சவ்வில் அமைதியாகப் படிந்தது. இரண்டு பிரதிகள் ஆனதும் அது செல்லுக்குள் திட்டுத்திட்டாகத் திரண்டது, செல்லும் வளர்ச்சி குன்றியது. இது வெளியான அதே 2003ஆம் ஆண்டில், அந்த மரபணு மும்மடங்காகப் பெருகியிருந்ததாலேயே பார்க்கின்சன் நோய் வந்த ஒரு குடும்பம் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. புரதத்தின் அளவு கூடினாலே கேடு விளையும் என்பதில் ஈஸ்ட்டும் மனிதரும் ஒத்திருந்தது, இந்த வழிமுறைமீது பலருக்கும் நம்பிக்கை ஏற்படக் காரணமாயிற்று.

டி.டி.பி-43: இடம் மாறிய புரதம்

ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நரம்புச் செல்களில் திரண்டு கிடப்பது எந்தப் புரதம் என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீ, ஜான் ட்ரோஜனோவ்ஸ்கி ஆகியோரின் குழு அதை டி.டி.பி-43 என்று இனங்கண்டது. பெயரிலுள்ள 43 அதன் மூலக்கூறு எடையைக் குறிக்கும் எண். இப்புரதம் வழக்கமாக உட்கருவுக்குள் இருந்துகொண்டு, மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழைகளோடு பிணைந்து அவற்றை ஒழுங்குபடுத்தும். நோயுற்ற செல்லில் அது உட்கருவை விட்டு வெளியேறி, உட்கருவைச் சூழ்ந்த செல் சாற்றில் கட்டியாகத் திரண்டுவிடுகிறது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் இதே காட்சிதான்.

2008இல் ஆரன் கிட்லர், லிண்ட்குவிஸ்ட் முதலியோர் மனித டி.டி.பி-43ஐ ஈஸ்ட்டில் உருவாகச் செய்தனர். ஈஸ்ட்டிலும் அது செல் சாற்றில் திரண்டது. செல்லுக்கு நஞ்சாகவும் ஆயிற்று. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தபோது, திரள்வதற்கு அதன் வால் பகுதியும், நஞ்சாவதற்கு அந்த வாலோடு ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதியும் தேவை என்று தெரிந்தது. பின்னாளில் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள, இந்தப் புரதத்தின் நஞ்சுத்தன்மையில் ஆர்.என்.ஏ.வுக்குப் பங்குண்டு என்ற இந்தச் செய்தியை மனத்தில் கொள்வது நல்லது.

சர்க்கரையை மாற்றினால் நோய்

ஈஸ்ட்டுக்கு நஞ்சான ஒரு புரதத்தை ஈஸ்ட்டிலேயே எப்படி வைத்திருப்பது என்ற நடைமுறைச் சிக்கலுக்கு ஈஸ்ட்டின் உணவுப் பழக்கமே தீர்வு தருகிறது. குளுக்கோஸ் கிடைக்கும்வரை ஈஸ்ட் காலக்டோஸ் என்ற மற்றொரு சர்க்கரையைத் தொடுவதில்லை. காலக்டோஸைச் செரிப்பதற்கான மரபணுக்கள் அதுவரை அணைந்தே கிடக்கும். குளுக்கோஸ் நீங்கிக் காலக்டோஸ் மட்டும் இருக்கும்போது அவை விழித்துக்கொண்டு முழு வேகத்தில் இயங்கும். அந்த மரபணுக்களின் முன்பகுதியில் உள்ள கட்டுப்பாட்டுத் துண்டை எடுத்து மனித டி.டி.பி-43 மரபணுவின் முன்னால் ஒட்டிவிட்டால், குளுக்கோஸில் வளரும்வரை ஈஸ்ட் நலமாக இருக்கும். காலக்டோஸுக்கு மாற்றிய உடனே மனிதப் புரதத்தை உருவாக்கத் தொடங்கும்.

இதன் விளைவை அளக்கும் முறையை ‘புள்ளிச் சோதனை’ எனலாம். ஈஸ்ட் கலந்த நீரை எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு சொட்டை அகர் தட்டில் வரிசையாக வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள்களில், நலமான ஈஸ்ட்டின் வரிசையில் கடைசிச் சொட்டு வரை வெண்மையான வட்டங்கள் தோன்றும். டி.டி.பி-43 உருவாகும் ஈஸ்ட்டின் வரிசையிலோ முதல் சொட்டு மங்கலாகத் தெரியும், மற்றவை வெறுமையாகவே இருக்கும். நரம்புச் செல்லின் சாவைப் பற்றிய கேள்வி, வெறுங்கண்ணால் காணக்கூடிய வெண்புள்ளியாக இவ்வாறு மாறிவிடுகிறது. இந்த எளிமையை ஏளனமாக நோக்கியவர்கள் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டிய சோதனைக்கு இந்த எளிமை கட்டாயம் தேவை.

5500 மரபணுக்களில் ஒன்று

அடுத்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்ட கிட்லரும், அங்கே பழ ஈக்களில் நரம்புச் சிதைவை ஆராய்ந்துவந்த நான்சி போனினியும் ஆவர். அவர்களின் கேள்வியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: டி.டி.பி-43ஆல் துன்புறும் ஈஸ்ட்டில் வேறெந்த மரபணுவை மிகுதிப்படுத்தினால் துன்பம் கூடும், எதை மிகுதிப்படுத்தினால் குறையும்? இதற்காக ஏறத்தாழ 5500 ஈஸ்ட் மரபணுக்களையும், அதாவது அனேகமாக அனைத்தையும், ஒவ்வொன்றாக நோயுற்ற ஈஸ்ட்டில் சேர்த்துப் புள்ளிகளின் வளர்ச்சியைப் பார்த்தனர். இத்தகைய தேடலை ‘மரபணுச் சல்லடை’ என்று அழைக்கலாம். எந்த மரபணுவும் முன்கூட்டிய எண்ணத்தால் ஒதுக்கப்படாமல் எல்லாமே ஒரே சோதனைக்கு உட்படுவதுதான் இதன் முதன்மையான சிறப்பு.

சல்லடையில் தங்கியவை 40 மரபணுக்கள். சில நோயைத் தணித்தன, சில கூட்டின. கூட்டியவற்றுள் ஒன்றின் பெயர் பி.பி.பி-1. அதை மிகுதிப்படுத்தினால் மங்கலாகத் தெரிந்த புள்ளிகளும் மறைந்தன. ஈஸ்ட்டிலிருந்து அதை முற்றிலும் நீக்கினால், டி.டி.பி-43 இருந்தபோதும் ஈஸ்ட் முன்னைவிட நன்றாக வளர்ந்தது. ஒரு மரபணுவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் நோய் எதிரெதிர்த் திசையில் நகர்கிறது என்றால், அது தற்செயலான தொடர்பாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. பி.பி.பி-1க்கு இணையான மனிதப் புரதம் அட்டாக்சின்-2. நரம்பியல் மருத்துவர்கள் ஏற்கெனவே நன்கறிந்த பெயர் அது. சிறுமூளை சிதைந்து நடை தள்ளாடும் பரம்பரை நோய் ஒன்றுக்கு அதன் மரபணுவே காரணம் என்று 1996இல் கண்டறியப்பட்டிருந்தது. கியூபாவின் ஓல்கின் மாநிலத்தில் இந்நோய் உலகிலேயே மிக அடர்த்தியாகக் காணப்படுகிறது. இந்தியாவில் காணப்படும் பரம்பரைத் தள்ளாட்ட நோய்களுள்ளும் இது அடிக்கடி தென்படும் வகைகளில் ஒன்று.

இருபத்திரண்டும் முப்பத்து நான்கும்

அட்டாக்சின்-2 புரதத்தின் ஓரிடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இடைவிடாமல் அடுத்தடுத்து வருகிறது. பெரும்பாலான மக்களுக்கு இந்த வரிசையின் நீளம் 22 அல்லது 23. அது 34ஐத் தாண்டும்போது தள்ளாட்ட நோய் வருகிறது. இடைப்பட்ட நீளமுள்ளவர்கள் நலமானவர்களாகவே கருதப்பட்டு வந்தனர். 27க்கும் 33க்கும் இடையே இருப்பது எதையாவது குறிக்கிறதா என்று கேட்கக் காரணம் ஏதும் அதுவரை இருக்கவில்லை.

ஈஸ்ட் அந்தக் காரணத்தைத் தந்தது. அட்டாக்சின்-2 மிகுந்தால் டி.டி.பி-43இன் நஞ்சு கூடுமானால், அட்டாக்சின்-2ஐச் சிறிதளவு மாற்றும் இந்த இடைப்பட்ட நீளம் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்பட வேண்டும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தனர். 900க்கும் மேற்பட்ட நோயாளிகளின் டி.என்.ஏ.வையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான நலமானவர்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது, இடைப்பட்ட நீளம் நோயாளிகளில் 4.7 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 1.4 விழுக்காட்டினரிடமும் இருந்தது. 2010இல் ‘நேச்சர்’ இதழில் இக்கண்டுபிடிப்பு வெளியான பின், வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இந்தத் தொடர்பை உறுதி செய்தன. இத்தகைய நீளம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அத்தகையோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஏ.எல்.எஸ். வருவதில்லை. ஆனால் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பொதுவான மரபணுக் கூறுகளில் இதுவும் ஒன்று என்பது இன்று நிலைபெற்ற உண்மை. தட்டில் மறைந்த ஒரு வெண்புள்ளியிலிருந்து மனித மக்கள்தொகையைப் பற்றிய இவ்வளவு துல்லியமான ஒரு கூற்று பிறந்தது, மாதிரி உயிரிகளின் வரலாற்றிலேயே மிக அழகான நிகழ்வுகளுள் ஒன்று.

இந்த இரு புரதங்களுக்கும் இடையிலான தொடர்பின் தன்மையும் பின்னர் ஓரளவு துலங்கியது. அவை நேரடியாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதைவிட, ஆர்.என்.ஏ. இழைகளின் வழியாகவே நெருங்குகின்றன. வெப்பம், நச்சு போன்ற நெருக்கடியின்போது செல் தன் ஆர்.என்.ஏ.வையும் அதனோடு பிணைந்த புரதங்களையும் தற்காலிகத் துகள்களாகத் தொகுத்து வைக்கும். அட்டாக்சின்-2 அந்தத் துகள்கள் உருவாகத் துணைபுரியும் புரதம். டி.டி.பி-43 அங்கே இழுக்கப்பட்டு நெருக்கமாக அடைபடும்போது, நிலையான திரளாக இறுகும் வாய்ப்பு கூடுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதே ஈஸ்ட்டில் நடந்த மற்றொரு தேடல் 2012இல் இந்தக் கருத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து வலுச்சேர்த்தது. வெட்டி எறியப்பட்ட ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சிதைக்கும் ஒரு நொதியை நீக்கியபோது, அத்துண்டுகள் செல் சாற்றில் தேங்கி டி.டி.பி-43ஐத் தம்மிடம் ஈர்த்துக்கொள்ள, அது மற்ற ஆர்.என்.ஏ.க்களைத் தொந்தரவு செய்யாமல் அடங்கிக் கிடந்தது.

எலியில் வென்றது, மனிதரில் வெல்லவில்லை

நோயைக் கூட்டும் மரபணு ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் குறைத்துப் பார்ப்பது அடுத்த படி. பழ ஈக்களில் அட்டாக்சின்-2ஐக் குறைத்தபோது டி.டி.பி-43இன் தீமை தணிந்தது. 2017இல், அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த கிட்லரின் குழு, டி.டி.பி-43 மிகுதியால் நோயுற்று விரைவில் இறக்கும் எலிகளில் இதைச் சோதித்தது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கும் சிறிய செயற்கை இழையை ‘எதிரிழை மருந்து’ எனலாம்; அட்டாக்சின்-2க்கு எதிரான அத்தகைய மருந்தை எலிகளின் நரம்பு மண்டலத்தில் ஒரேயொரு முறை செலுத்தியதில் அவற்றின் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீண்டது, நடக்கும் திறனும் மேம்பட்டது.

ஈஸ்ட், ஈ, எலி என மூன்று உயிரிகள் ஒரே விடையைத் தந்த பிறகு மனிதரில் சோதிக்கும் துணிவு பிறந்ததில் வியப்பில்லை. பயோஜென் நிறுவனம் அட்டாக்சின்-2க்கு எதிரான எதிரிழை மருந்தை ஏ.எல்.எஸ். நோயாளிகளின் தண்டுவட நீரில் செலுத்திச் சோதித்தது. மருந்து தன் வேலையைச் செய்தது. தண்டுவட நீரில் அட்டாக்சின்-2இன் அளவு குறைந்தது. ஆனால் நரம்புச் செல்கள் சிதைவதைக் காட்டும் இரத்தக் குறியீடு குறையவில்லை, நோயாளிகளின் உடல்நிலையிலும் பயன் தெரியவில்லை. 2024இல் சோதனை நிறுத்தப்பட்டது.

நோயாளிகளும் குடும்பத்தினரும் நம்பிக்கையோடு பங்கேற்ற சோதனை இவ்வாறு முடிந்ததன் வலியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இந்த முடிவைக் காட்டி, ஈஸ்ட் ஆய்வே பொய்த்தது என்பது தவறான முடிவாகும். அட்டாக்சின்-2 நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்ற கண்டுபிடிப்பு அப்படியே நிற்கிறது. நோய் வரும் வாய்ப்பைத் தீர்மானிப்பதும், வந்துவிட்ட நோயின் போக்கைத் தீர்மானிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எலிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது பிறந்த சில நாள்களுக்குள், அறிகுறி தோன்றுமுன். நோயாளிகளுக்கோ நரம்புச் செல்களில் பெரும்பகுதி அழிந்த பிறகு. எலிகளின் நோய் டி.டி.பி-43ஐ மிதமிஞ்சி உருவாக்கியதால் வந்தது. மனிதரின் நோய் பெரும்பாலும் அவ்வாறு தொடங்குவதில்லை.

ஈஸ்ட் காட்ட முடியாதது

கடைசியாகச் சொன்ன வேறுபாடு ஈஸ்ட்டின் உண்மையான எல்லையைத் தொடுகிறது. ஈஸ்ட்டில் இணைநரம்புச் சந்திப்புகள் இல்லை, நரம்புச் செல்களைச் சூழ்ந்து பேணும் துணைச் செல்கள் இல்லை, ஒரு மீட்டர் நீளம் வரை நீளும் நரம்பிழைகளும் இல்லை என்பவை எவரும் எளிதில் சொல்லக்கூடிய குறைகள். இவற்றைவிட ஆழமானது ஒன்று உண்டு. ஈஸ்ட்டுக்கெனச் சொந்தமாக டி.டி.பி-43 கிடையாது. ஆகவே அந்தப் புரதம் தவறான இடத்தில் திரள்வதால் வரும் கேட்டை ஈஸ்ட் காட்டும்; அது தன் சரியான இடத்தில் இல்லாமல் போவதால் வரும் கேட்டைக் காட்டாது.

அந்த இரண்டாவது கேட்டின் அளவு 2015இலிருந்து படிப்படியாகத் தெரியவந்தது. மனித மரபணுக்களின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும்போது, வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு வேண்டியவை மட்டும் ஒட்டப்படுகின்றன. டி.டி.பி-43 உட்கருவில் இருந்துகொண்டு, சேரக் கூடாத சில துண்டுகளை மறைத்து வைக்கிறது. அது வெளியேறிவிட்டால் அத்துண்டுகள் செய்திக்குள் நுழைந்துவிட, உரிய புரதம் உருவாகாமல் போகிறது. நரம்பிழைகளைப் பேணும் ஸ்டாத்மின்-2 என்ற புரதம் இவ்வாறு இழக்கப்படுவதை 2019இல் இரு குழுக்கள் கண்டறிந்தன. ஈஸ்ட்டின் மரபணுக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் மட்டுமே இத்தகைய வெட்டி ஒட்டும் வேலை நடக்கிறது. ஸ்டாத்மின்-2இல் நுழையும் அந்தத் துண்டு எலியின் மரபணுவிலும் இல்லை என்பதால், எலியும் இதைக் காட்டியிருக்க முடியாது.

2022இல், நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பத் தேவையான யு.என்.சி.13ஏ என்ற மரபணுவும் இதே முறையில் பாழாவதை இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஏ.எல்.எஸ். வாய்ப்போடு அந்த மரபணுவுக்குத் தொடர்புண்டு என்பது 2009லேயே மக்கள்தொகை ஆய்வுகளில் தெரிந்திருந்தும், காரணம் அதுவரை விளங்கவில்லை. அக்குழுக்களில் ஒன்று கிட்லருடையது. ஈஸ்ட் தட்டுகளில் பி.பி.பி-1ஐக் கண்டெடுத்த அதே ஆய்வகம், இம்முறை இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவையும் ஆய்வகத்தில் வளர்த்த மனித நரம்புச் செல்களையும் கொண்டு விடையைத் தேடியது.